காதுக்கு மேல் எரிந்த நாள்

சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் ஷம்சியாவுக்கு, அம்மாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள் பகல் பதினொன்றரை மணிக்கு, வலது காதுக்கு மேல் வெளிச்சம் எரியத் தொடங்கியது. அழுது முகம் வீங்கிக் கிடந்தவளிடம், மரணச் சான்றிதழுக்கான காகிதம் என்று சொல்லித் தம்பி அப்ஸல் அம்மாவின் மட்டாஞ்சேரி வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிய நேரம் அது. மலையாளத்தில் இருந்ததை அவள் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தபோது கையெழுத்து உலர்ந்திருந்தது.

முதலில் மின்மினி அளவு. இரண்டு வருடத்தில் முக்காட்டுக்குள் அடங்கவில்லை. எர்ணாகுளத்து டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். துக்கமும் கோபமும் சேர்ந்து விழுந்த நாள் மூளையில் ஆழமாகப் பதியும், பதிந்த இடம் ஓயாமல் வேலை செய்யும் என்றார். எரிவதற்கு மருந்து எழுதவில்லை. அந்த ஒரு நாள் துலங்கத் துலங்க மற்ற நாட்கள் இருண்டன. அப்ஸலின் பேனா மூடியிலிருந்த பல்தடம் வரை அவளுக்குத் தெரியும். அம்மாவின் குரல் நினைவிலிருந்து போய்விட்டது. மகள் நிஸாவின் நிக்காஹ் போட்டோவைக் காட்டியபோது, இது யார் வீட்டு விசேஷம் என்று கேட்டாள்.

ஆறாம் வருடம் அப்ஸலுக்குப் பக்கவாதம் வந்து நினைவு அழிந்தது. அவன் மனைவி வீட்டை விற்றுக் களமசேரிக்குப் போகும் வழியில், ஷம்சியாவின் வாடகை அறை முன்னால் ஆட்டோவை நிறுத்தி அவனை இறக்கிவிட்டாள்.

"அக்கா, சாயா உண்டா?" என்று சிரித்தான்.

கொடுத்தாள். குடித்து முடித்ததும் அந்த நாளை ஒன்று விடாமல் சொன்னாள்.

"யாருக்கா அந்த துஷ்டன்? காட்டித் தா, நான் கேக்குறேன்" என்றான் அப்ஸல். அவன் கண் நிறைந்திருந்தது. மறுநாள் எதுவும் நினைவில்லை. மறுபடி சொன்னாள். அவன் ஒரே ஒரு கணம் வெட்கப்பட்டால் போதும் என்று நாற்பது நாள் சொன்னாள்.

சொன்னது அவனிடம் தங்கவில்லை. துக்கம் மட்டும் தங்கிவிட்டது. நாற்பத்தோராம் நாள் அவள் சாயாவோடு வாசலில் நின்றதுமே அழுதான்.

"எதுக்குடா அழறே?"

"அறியில்ல அக்கா. உன்னைக் கண்டா வருது."

அதோடு சொல்வதை நிறுத்தினாள். அழுகை நிற்கவில்லை. பக்கத்து அறையில் தையல் வேலை செய்யும் கமலாக்ஷியைப் பார்த்தால் சிரிக்கிறான், மீன்காரனைப் பார்த்தால் சிரிக்கிறான். அக்கா முகம் தெரிந்தால் மட்டும் சோறு இறங்குவதில்லை. அதனால் ஷம்சியா அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, தோளுக்கு மேலாகக் கை நீட்டி ஊட்டுகிறாள்.

மழைக்காலப் பகலில் கரண்ட் போனால் கமலாக்ஷி ஊசியோடு வருவாள். "கொஞ்சம் இப்படித் திரும்பு, ஷம்சியா" என்பாள். அந்த வெளிச்சத்தில் நூல் கோத்து முடியும்வரை ஷம்சியா தலையை அசைக்காமல் வைத்திருப்பாள்.