தூர் வாரிய கிணறு

கலையரசி ஊரில் இல்லாதது மூன்றே நாள். அதற்குள் அவள் தலையில் மண்ணை அள்ளிப் போடும் காரியத்தைத் தெருவே கூடிச் செய்து முடித்திருந்தது.

கல்வராயன் மலைக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கக் கூலிக்குப் போயிருந்தாள். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. இருந்திருந்தால் மலையிலிருந்தே கத்தித் தடுத்திருப்பாள். கள்ளக்குறிச்சியில் பஸ்ஸை விட்டிறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, சின்னசேலம் சாலையில் மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்க் பக்கத்தில் இறங்கித் தெருவுக்குள் நுழைந்தாள். தெருக் கிணற்றின் சுற்றுச்சுவர் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. போதாததற்குச் சாணி தெளித்துக் கோலம் வேறு.

மாமனார் அம்மாசி பல்லெல்லாம் தெரிய எதிரே வந்தார்.

“எட்டிப் பாரும்மா, அடி வரைக்கும் தெரியுது. எஞ்சின் வச்சி மொத்தமா இறச்சிட்டோம். தூரு வாரி, சுண்ணாம்பு போட்டு, ப்ளீச்சிங் பவுடரு கொட்டி... ஆபீசருங்களே அசந்து பூட்டாங்க.”

“ஆபீசருங்க வந்துட்டாங்களா?”

“காலைல வந்து பாட்டில்ல தண்ணி மொண்டுக்கினு போனாங்க.”

கலையரசி தலையிலிருந்த மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டாள். அழுவதா, கத்துவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தப் பங்க் இழுத்து மூடிய பிறகுதான் வினையே வெளியே தெரிந்தது. மண்ணுக்கடியில் புதைத்திருந்த தொட்டிகள் துருப்பிடித்து ஓட்டையாகிப் பெட்ரோல் கசிந்து, கிணற்றுத் தண்ணீர் நாறியது. மேலே எண்ணெய்ப் படலம் மினுமினுத்தது. கூலிக்குப் போய்ப் பிழைக்கும் தெருவுக்கு அந்தக் கிணற்றை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. குளித்தவர்கள் எல்லாரும் சொறிந்துகொண்டு அலைந்தார்கள். கலையரசியின் மகள் ஷாலினிக்குக் கழுத்து, முழங்கை எல்லாம் புண். கலையரசி கூலியை விட்டுவிட்டு மனு மேல் மனு கொடுத்தாள். கடைசியில் அதிகாரிகள் வந்தார்கள். பங்க் முதலாளி தொட்டிகளைத் தோண்டி எடுத்தார், கெட்டுப்போன மண்ணை லாரி லாரியாக அள்ளினார், தெருவுக்கு டேங்கரில் தண்ணீர் விட்டார். எல்லாம் மேலிடத்து உத்தரவுக்குப் பயந்துதான்.

பங்க் மனைக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. மிச்சம் இருந்தது தெருக் கிணறு ஒன்றுதான். அதுவும் சுத்தம் என்று தெரிந்தால், வேலை முடிந்தது என்று அதிகாரிகள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மறுநாளே டேங்கர் நின்றுவிடும். முதலாளி அந்த மனையில் கல்யாண மண்டபம் கட்டத் துடியாய்த் துடித்துக்கொண்டிருந்தார்.

“மேல மெதக்குற எண்ணெயத்தான் மாமா அவங்க பாக்கணும்! அத்தப் போயி இறச்சிக் கொட்டிட்டீங்களே!”

“இன்னாம்மா நீ? பொண்ணு பாக்க வர்றாங்கன்னா வூட்டக் கூட்டாமலா வைப்போம்? நாலு பெரிய மனுசங்க வர்ற எடத்துல அழுக்குக் கெணத்தக் காட்டுனா தெருவுக்குத்தான அசிங்கம்?”

இந்தத் தெருவில் பெரிய மனுசன் எவன் வந்தாலும் இதே கூத்துதான். ஓட்டுக் கேட்டு வருபவனுக்கும் கூட்டிப் பெருக்குவார்கள், ஜப்தி செய்ய வருபவனுக்கும் கூட்டிப் பெருக்குவார்கள். குறை கேட்க வருபவனிடம் குறையை மறைத்துவிட்டு, அவன் போன பிறகு உட்கார்ந்து புலம்புவார்கள். கலையரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஆபீசுக்கு ஓடினாள். இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி இளஞ்செழியன் ஒன்றும் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லிக் கேட்டார்.

“கிணத்த இறைச்சிட்டாங்கன்னு நீங்க சொல்றீங்க. நீங்கதான் ஊர்லயே இல்லையே? இறைச்சவங்க யாராவது வந்து சொன்னா, மறுபடி தண்ணி எடுக்கலாம். இல்லன்னா வர்ற ரிசல்ட்டுதான்.”

நியாயமான பேச்சு. ஆனால் இறைத்தவர்களை எங்கே போய்ப் பிடிப்பது? ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். எல்லாரும் அம்மாசியைக் கைகாட்டினார்கள். அம்மாசி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தெருவே கைகட்டி நிக்கிது, அம்மாசியாலதான் கெணறு கெணறா ஆச்சின்னு. நானே போயி, நாந்தாங்க கெடுத்தேன்னு சொல்லணுமா? போம்மா.”

மாமனாரும் மருமகளும் ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்றுகொண்டு ஒருவருக்கொருவர் முகம் பாராமல் இருந்தார்கள். கணவன் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டினான். ரிசல்ட் வந்தது. தண்ணீரில் பெட்ரோல் இல்லையாம். கிணறோ, தெருவடி மண்ணில் ஊறியிருந்த பெட்ரோல் ஊற்றோடு வந்து, அதற்குள் பழையபடி நாற ஆரம்பித்திருந்தது. தெருவில் எல்லாருக்கும் அந்த நாற்றம் தெரியும், அம்மாசிக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கையெழுத்துப் போடும் நாளில் முதலாளி பங்க் மனையில் பந்தல் போட்டு, நாற்காலி வரிசை வைத்து, தெருவையே அழைத்திருந்தார். ஒத்துழைப்புக் கொடுத்த பெரியவர் என்று அம்மாசிக்குப் பொன்னாடை போர்த்தி, முன்வரிசையில் அதிகாரிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார். அம்மாசி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பார்க்கக் கலையரசிக்கு வயிறு எரிந்தது.

இனிப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று நேரே கிணற்றுக்குப் போனாள். ஒரு வாளி சேந்தி, ஒரு சொம்பில் மொண்டு எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தாள். இளஞ்செழியன் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டிருந்தார்.

“வெயில்ல வந்திருக்கீங்க சார். எங்க கெணத்துத் தண்ணி. சுத்தமாயிடிச்சின்னு நீங்களே சொல்றீங்க. ஒரு வாய் குடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

முதலாளி பாட்டில் தண்ணீரை நீட்டினார். இளஞ்செழியன் அதை வாங்கவில்லை. சொம்பை வாங்கினார். முகர்ந்து பார்க்கத்தான் முகத்தருகே கொண்டுபோனார். பக்கத்திலிருந்த அம்மாசிக்கு அது அப்படித் தெரியவில்லை.

“வேணாங்க சார்! வாயில வெக்காதீங்க!”

அலறிக்கொண்டே எழுந்து சொம்பைத் தட்டிவிட்டார். தண்ணீர் அதிகாரியின் சட்டையெல்லாம் கொட்டியது. கொட்டிய இடத்திலிருந்து குப்பென்று பெட்ரோல் வாடை கிளம்பிற்று.

“ஏன் பெரியவரே?” என்றார் இளஞ்செழியன், சட்டையை உதறிக்கொண்டே.

அம்மாசி கையைக் கூப்பினார். “ஒடம்புக்கு ஆவாதுங்க சார். நாங்கதான் நீங்க வர்றீங்கன்னு மொத்தமா இறச்சி, மருந்தடிச்சி வச்சோம். அந்தப் பொண்ணு சொன்னது நெசந்தாங்க.”

இளஞ்செழியன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். மறுபடி தண்ணீர் எடுக்க பாட்டில் கொண்டுவரச் சொல்லி ஆளை அனுப்பினார். இன்றைக்குக் கையெழுத்து இல்லை, டேங்கர் வந்துகொண்டிருக்கட்டும் என்றார். முதலாளி முகம் தொங்கிப்போனது. தெரு ஜனங்கள் கைதட்டினார்கள். இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்த அதே ஜனங்கள்!

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கலையரசிக்குச் சந்தோஷம் வரவில்லை. மாமனார் எதிரே போய் நின்றாள்.

“ஆபீசரு வாயின்னா ஒங்க கை தன்னால ஓடுது. ஒங்க பேத்தி இதே தண்ணியில குளிச்சிட்டு ஒடம்பெல்லாம் சொறிஞ்சிக்கினு அழுதாளே, அப்ப இந்தக் கை எங்க மாமா போச்சி? நாளைக்கி டேங்கரு நின்னா அவ மறுபடியும் இதுலதான குளிக்கணும்? தெரிஞ்சேதான இங்க குந்திக்கினு இருந்தீங்க?”

அம்மாசி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் எதற்கு இவ்வளவு கோபப்படுகிறாள் என்பதே அவருக்கு விளங்கவில்லை.

“அவரு ஆபீசராச்சேம்மா” என்றார்.

மனதார அப்படித்தான் நினைத்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.