பதினோரு மாதம் ஊதாத சங்கு

குளிர்பெட்டிக் கண்ணாடியில் ஈரம் படிந்து அக்காவின் முகம் மங்கும்போதெல்லாம் தம்பி கைக்குட்டையால் துடைத்துவிட்டான். காலை ஆறரை மணியிலிருந்து இதே வேலை. துடைத்தால் இரண்டு நிமிடம் தெளிவாகத் தெரிவாள், பிறகு மறுபடியும் மங்குவாள். நெற்றியில் பாறை கீறிய காயத்தைத் தவிர முகத்தில் ஒன்றுமில்லை. பள்ளிக்கூட வரிசையில் சேட்டை செய்தது யார் என்று தெரிந்துகொண்டே, தானாக முன்னால் வரட்டும் என்று காத்திருப்பாளே, அந்த முகம்.

ஊரில் அவளுக்கு விசில் டீச்சர் என்றுதான் பெயர். பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருடம் விளையாட்டு ஆசிரியை. சனிக்கிழமை மதியங்களில், நாற்பதைத் தாண்டிய நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு அணைக்குக் கீழே ஆற்றுக்குப் போவாள். அவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். வீட்டில் கேலி பண்ணுவார்கள் என்று முதலில் பயந்த தையல்காரம்மா, இப்போது அக்கரை போய்த் திரும்புகிறவளாகிவிட்டாள்.

நேற்று மூன்று நாற்பதுக்கு அணையின் பவர் ஹவுஸில் மூன்றாவது டர்பைனை ஓட்டினார்கள். அதிலிருந்து வெளியேறிய தண்ணீர் ஆற்றில் வந்து விழுந்தது. இடுப்பளவு நின்ற ஆறு நான்கே நிமிடத்தில் ஆளை மூழ்கடிக்கும் அளவுக்கு ஏறியது. அக்கா நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பாறைமேல் தள்ளி ஏற்றினாள். கடைசியில் தையல்காரம்மா நீட்டிய கையைப் பிடித்தும்விட்டாள். பிடி வழுக்கிவிட்டது. இரண்டு மைல் தள்ளி, பாலத்துத் தூணில் ஒதுங்கியிருந்தாள்.

தம்பி அந்தப் பவர் ஹவுஸில் பதினாறு வருடமாக ஆபரேட்டர். நேற்று அவனுக்கு ஷிப்ட் இல்லை. அந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

பத்து மணிக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. அணையின் பெரிய இன்ஜினியர் மலர்வளையத்தோடு இறங்கினார். பின்னாலேயே ஒரு ஏட்டு, கையில் ஃபைல். வளையத்தில் பூவைவிட இலாகாவின் பெயர் எழுதிய பட்டை அகலமாக இருந்தது. பெட்டிமேல் வைத்துவிட்டு, பெயர் கூட்டத்தைப் பார்க்கிறதா என்று ஒருமுறை திருப்பிச் சரிசெய்தார்.

பிறகு அத்தானின் பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தான் அச்சகத்தில் பிழை திருத்துபவர். சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. நேற்றிலிருந்து அந்தப் பேச்சும் இல்லை.

"ஈடு செய்ய முடியாத இழப்பு சார். எங்க தம்பியோட அக்கான்னா எங்க அக்கா மாதிரி." தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "ஒரு சின்ன ஃபார்மாலிட்டி இருக்கு. இன்னைக்கே முடிச்சிட்டா உங்களுக்கும் அலைச்சல் இருக்காது."

ஏட்டு தாளை நீட்டினார். அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே நகர்த்தி, வழக்கப்படி உதடசைத்துப் படித்தார். தம்பி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, வாய்விட்டே படித்துவிட்டான். 'அணையின் அபாயச் சங்கு மூன்று முறை ஊதியும், எச்சரிக்கையை பொருட்படுத்தாமல் மேற்படி பெண்மணி ஆற்றிலேயே இருந்தபடியால்...'

மேற்படி பெண்மணி. தம்பி அந்த இரண்டு சொல்லை மட்டும் மறுபடி படித்தான்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா நிமிர்ந்தாள். அவளுடைய முழங்கை இரண்டிலும் கட்டு. "சங்குன்னா எழுதியிருக்கு? எந்தச் சங்கு சார்?"

"ஊதினாங்கம்மா. தண்ணி சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது."

"நாலு பேர் இருந்தோம். நாலு பேருக்குமா காது போச்சு? சங்கு ஊதினா போட்டது போட்டபடி கரையேறணும்னு டீச்சர் எங்களுக்குப் பாடமா எடுத்திருக்காங்க. அவங்க மதிக்கலன்னு எழுதுறீங்களே, எழுதின கை கூசலையா?"

"பதட்டத்துல இருக்கீங்க. புரியுது" என்றார் இன்ஜினியர், அன்பாக. அந்த அன்புதான் தம்பிக்குப் பொறுக்கவில்லை.

சங்கின் மோட்டார் போன மழைக்காலத்தில் எரிந்து போனது, கழற்றியதோடு சரி. அன்றிலிருந்து தம்பி தன் ஒவ்வொரு ஷிப்டிலும் லாக் புக்கில் 'சங்கு பழுது' என்று எழுதினான். பக்கத்தில் மேலிடத்திலிருந்து ஒரு கையெழுத்து விழும், 'பார்த்தேன்' என்று. பதினோரு மாதமாகப் பார்த்துக்கொண்டேயிருந்தார்கள். அறுபத்து மூன்று வயதான அணைச் சுவருக்கு இந்த இடைவெளியில் வெள்ளையடித்தார்கள், மூன்று நிறத்தில் விளக்குப் போட்டார்கள். கீழே ஆற்றுப் பூங்கா கட்டி, படித்துறை இறக்கி, சீட்டுக் கொடுக்க ஜன்னல் வைத்து, மந்திரியைக் கூப்பிட்டுத் திறந்தார்கள். 'சங்கொலி கேட்டவுடன் கரையேறவும்' என்று ஆளுயரப் பலகை நட்டார்கள். பலகை வந்தபோது சங்கு செத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் இதே இன்ஜினியர் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "உள்ளே நடக்கிறது உள்ளேயே இருக்கட்டும். ஜனங்களைப் பயமுறுத்தக் கூடாது."

அத்தான் ஏட்டிடம் பேனா வாங்கினார். இன்ஜினியர் மெல்ல மூச்சு விட்டார். ஆனால் அத்தான் கையெழுத்துப் போடவில்லை. 'எச்சரிக்கையை' என்பதற்குப் பக்கத்தில், விட்டுப்போயிருந்த 'ப்' ஒன்றைச் சிறியதாக எழுதிச் சேர்த்தார். முப்பது வருடப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. பிறகு பேனாவைத் தாளின் அடிப்பகுதிக்குக் கொண்டுபோனார்.

"போடாதீங்க அத்தான்."

தன் குரல்தான் என்று தெரிய தம்பிக்கு ஒரு கணம் பிடித்தது.

"சங்கு ஊதல. நேத்து மட்டும் இல்ல, பதினோரு மாசமா ஊதல. மோட்டாரே கிடையாது. வெறும் குழாய்தான் மேல நிக்குது."

இன்ஜினியர் எழுந்தார். "துக்கத்துல பேசறார். தம்பி, கொஞ்சம் வெளியே வாங்க."

"நான் எங்கேயும் வரல. லாக் புக்கைக் கொண்டாரச் சொல்லுங்க. என் கையெழுத்து இருக்கு, உங்க கையெழுத்தும் இருக்கு." ஏட்டின் பக்கம் திரும்பினான். "எழுதிக்குங்க சார். நான் அங்க ஆபரேட்டர். நான் சொல்றேன்."

ஏட்டு இன்ஜினியரைப் பார்த்தார். ஃபைலைப் பார்த்தார்.

"எழுதுங்க" என்றாள் தையல்காரம்மா. "அவருக்குக் கீழ எங்க நாலு பேரையும் எழுதுங்க. இல்லன்னா இந்த வீட்டைவிட்டு அந்தத் தாள் போகாது."

வாசலில் நின்ற பள்ளிக்கூடத்துக் கூட்டம் உள்ளே நெருங்கியது. யாரும் குரலை உயர்த்தவில்லை. ஏட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றார்.

தம்பி சொன்னான். மோட்டார் எரிந்த தேதி, லாக் புக்கின் எண், யார் யாருக்கு எப்போது சொன்னான் என்பது வரை. இன்ஜினியரின் ஜீப் புறப்படும் சத்தம் நடுவில் கேட்டது. சொல்லி முடித்தபோது பதினோரு மாதச் சுமை இறங்கினாற்போல இருந்தது.

அப்போதுதான் அத்தான் வாயைத் திறந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தான்."

"அவகிட்ட சொன்னியா?"

பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தான்.

நான்கு மாதத்துக்கு முன்னால் இதே வீட்டில், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது அக்கா கேட்டாள். "ஏண்டா, அந்தச் சங்கைக் கொஞ்ச நாளா கேக்கவே இல்லையே. அது ஊதுமா, இல்ல உங்க ஆளுங்க மாதிரி தூங்குமா?" அவன் சிரித்தான். "அதெல்லாம் ஊதும்க்கா." வேலை போய்விடும் என்ற பயம்கூட அந்த நேரத்தில் முழுதாக மனதில் இல்லை. வாய்க்கு வந்தது, சொன்னான். அவள் நம்பினாள். தம்பி சொன்னால் சரியாக இருக்கும் என்று நால்வரிடமும் சொல்லியிருப்பாள்.

"சொல்லல" என்றான்.

அத்தான் தலையசைத்தார். தட்டச்சு செய்த தாளை மடியில் வைத்து, 'சங்கு' என்று தொடங்கிய இடத்திலிருந்து வாக்கியத்தின் கடைசிவரை ஒரே கோடாக அடித்து, ஓரத்தில் நீக்கல் குறி போட்டு ஏட்டிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை.

மதியம் எடுத்தார்கள். பாடையைத் தூக்க வந்த தம்பி இடது பக்கம் கை வைத்தபோது, அத்தான் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கையை எடுத்துவிட்டு, அங்கே பள்ளிக்கூடத்துக் காவலாளியை நிறுத்தினார். தம்பி கூட்டத்தின் கடைசியில் நடந்தான். எல்லாம் முடிந்து ஆட்கள் கலையும்போது போன் வந்தது. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம், கடிதம் வீட்டுக்கு வரும் என்று அலுவலகக் கிளார்க் வாசித்தார். "சரி" என்று வைத்துவிட்டான்.

வீட்டுக்குப் போகிற பஸ் ஆற்றுப் பூங்காவைத் தாண்டித்தான் போகும். ஜன்னல் வழியாகப் பார்த்தவன் எழுந்து மணியடித்து இறங்கினான்.

பூங்கா திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். படித்துறையில் துணி மாற்றுகிறவர்கள், காற்றடித்த டியூபில் மிதக்கிறவர்கள், கழுத்தளவில் நின்று பந்து விளையாடுகிறவர்கள். சீட்டு ஜன்னலில் இருந்தவர் அவனை அடையாளம் கண்டு எழுந்தார்.

"காலையில மூடித்தான் வச்சிருந்தோம் சார். பதினோரு மணிக்கு மேல திறக்கச் சொல்லிட்டாங்க. தூரத்துலேர்ந்து வந்தவங்களைத் திருப்பி அனுப்ப முடியாதாம்."

மணி மூன்று இருபது. அவன் படியிறங்கினான். "எல்லாரும் மேல வாங்க, சங்கு வேலை செய்யல, தண்ணி சொல்லாம வரும்" என்று கத்தினான். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு குடும்பங்கள் துண்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்பின. ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடியே கேட்டார்:

"நீங்க யாரு? இங்க வேலை பார்க்கறீங்களா?"

"இல்ல" என்றான்.

"அப்புறம் என்ன? சீட்டு வாங்கித்தானே இறங்கியிருக்கோம்."

அவரோடு ஒரு சின்னப் பெண், அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீரைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி செருப்பைக் கழற்றவில்லை. அப்படியே இறங்கி அவர்களைத் தாண்டி ஓட்டத்துக்கு எதிராகப் போய், ஆழம் குறைந்து தண்ணீர் முழங்காலை மட்டும் தொடும் இடத்தில் ஒரு கல்லைத் தேடிப் பாதத்தை ஊன்றிக்கொண்டான். பின்னால் பந்து தண்ணீரில் விழும் சத்தமும் சிரிப்பும் கேட்டன. அவன் திரும்பவில்லை. அணைப் பக்கம் பார்த்தபடி, தண்ணீர் ஒரு விரல் ஏறினாலும் கத்திவிட, கால்களில் ஈரம் எவ்வளவு ஏறுகிறது என்று கவனித்துக்கொண்டு நின்றான்.