பத்தடி தூரத்துப் பெயிண்ட்

1

“பத்தடி தள்ளி நின்னு பாத்தாப் புதுசு மாதிரியேதானுங்க இருக்கும்.”

“கிட்ட வந்து பாத்தா?”

“கிட்ட எதுக்குங்க வரப்போறாங்க?”

இந்தக் கதையில் நான் காதால் கேட்டது இந்த மூன்று வரிகளை மட்டும்தான். மீனாட்சிபுரத்தில் பஸ்ஸுக்காக நின்றபோது எனக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்புவதற்குள் பொள்ளாச்சி பஸ் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எதைப் பற்றிப் பேசினார்கள் என்பதுகூடத் தெரியாது. பழைய காருக்குப் பெயிண்ட் அடிப்பதாக இருக்கலாம். மாட்டுக் கொம்புக்காகவும் இருக்கலாம். நான் காரை எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து மூன்றாவது வரி என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. கிட்ட வருகிறவர் ஒருவராவது இருப்பார் அல்லவா? அவர் யார்?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பனி மூடிய தபால் சாவடியின் முன்னால் நான்கு குதிரை பூட்டிய வண்டி வந்து நின்றபோது சீமாட்டி கமலா தன் கையுறையைக் கழற்றி—

அடித்துவிட்டேன். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகிறது. வடகரப்பதியில் உட்கார்ந்து கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே பனியை எழுத வருகிறது.

அடுத்தது:

கமலாத்தாளுக்கு அன்று காலையிலிருந்தே—

காலையிலிருந்தே என்ன? மனசு சரியில்லையா? எல்லாக் கதையிலும் எல்லாருக்கும் காலையிலிருந்தே மனசு சரியில்லை. இதையும் விட்டேன். ஆனால் பெயர் தங்கிவிட்டது. சீமாட்டி போய் கமலாத்தாள் வந்து உட்கார்ந்துகொண்டாள். இனி அவளைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

3

கமலாத்தாளின் புருஷன் அர்த்தநாரிக்கு நிலக்கடலை வெள்ளாமை; கொஞ்சம் கறவை மாடுகளும் உண்டு. அவளுடைய ஒரே தங்கை செல்லாத்தாளை, தேவிகுளத்துப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஹெட்கிளார்க்காக இருக்கும் கந்தப்பனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

செல்லாத்தாளுக்குப் பெண் பிறந்தபோது கமலாத்தாளும் அர்த்தநாரியும் தக்காளி லாரியில் ஏறி மலைக்குப் போனார்கள். குவார்ட்டர்ஸ் வாசலில் கந்தப்பன் தன் மேனேஜரோடு நின்றிருந்தான். லாரியிலிருந்து இறங்குகிறவர்கள் யார் என்று மேனேஜர் கேட்டார்.

“எங்க ஊர்ப் பால்காரங்க சார்,” என்றான் கந்தப்பன்.

கதவருகில் பிள்ளையோடு நின்ற செல்லாத்தாளுக்கும் அது கேட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை.

பால்காரி என்றதில் கமலாத்தாளுக்கு ஒன்றுமில்லை, பால் ஊற்றுகிறவள்தானே. கூடப் பிறந்தவள் ‘இது எங்கக்கா’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குள் முள்ளாக நின்றுவிட்டது. அதன் பிறகு அவள் மலை ஏறவில்லை.

இப்போது அந்தக் குழந்தை பெரியவளாகிவிட்டாள். பூப்பு விழாவான தெரட்டிச் சீர் வருகிறது. பிறந்த வீட்டுச் சீர் கொண்டுபோக அப்பன் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. கமலாத்தாள்தான் போயாக வேண்டும். போவதென்றால் அதே வாசலில் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும். நாலு பேர் பார்க்கச் செல்லாத்தாள் தன்னை ‘எங்கக்கா’ என்று சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவே.

அர்த்தநாரி பொள்ளாச்சியில் ஒரு பழைய அம்பாசிடரைப் பிடித்தார். டாக்சியாக ஓடி ஓய்ந்த வண்டி. ஆவணங்களைச் சொந்த வண்டியாக மாற்றியாகிவிட்டது. என்ஜின் குறை சொல்ல முடியாது. ஆனால் உடம்பு கறுப்பு, தலை மஞ்சள். அரை மைல் தூரத்தில் வரும்போதே டாக்சி என்று தெரியும்.

மீனாட்சிபுரத்தில் பெயிண்ட் கடை வைத்திருந்த சைனுதீன் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். இரும்புக் கேட்டுக்கும் மாட்டு வண்டிக்கும் பெயிண்ட் அடிக்கிறவர் அவர்.

“பழசைச் சொரண்டி எடுத்துப்போட்டு, பட்டி வெச்சு, மெஷின்ல அடிக்கோணுமுங்ணா. அதுக்குக் கோயமுத்தூருக்குத்தான் போகோணும். காருக்குக் குடுத்ததுல பாதியைக் கேப்பாங்க.”

“நீங்க அடிச்சா பாய்?”

“நான் கேட்டுக்கு அடிக்கறதைப் பிரஷ்ல அடிப்பேன். ஒரு கன்னுக்குட்டி வெலையில முடிஞ்சுரும்.”

“நல்லாருக்குமா?”

“பத்தடி தள்ளி நின்னு பாத்தாப் புதுசு மாதிரியேதானுங்க இருக்கும்.”

“கிட்ட வந்து பாத்தா?” என்றார் அர்த்தநாரி.

(மூன்றாவது வரியை இரண்டு பிரதிகளில் சைனுதீனுக்கே கொடுத்திருந்தேன். அவர் வாயில் அது வியாபாரப் பேச்சாக இருந்தது. பிடுங்கிக் கமலாத்தாளிடம் கொடுத்த பிறகுதான் எனக்குக் கை ஓடியது.)

“கிட்ட எதுக்குங்க வரப்போறாங்க?” என்றாள் கமலாத்தாள். “எந் தங்கச்சி புருஷன் என்னைக்கு நம்மகிட்ட வந்திருக்கறாரு?”

4

களத்தோரம் வண்டியை நிறுத்தி, சந்தன நிறத்தில் தடிமனாக இரண்டு பூச்சு. தை மாதக் காற்று. களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள்.*

* பதர் கதைக்குத் தேவையில்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். தேவையில்லைதான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதத்தில் இங்கே ஈரமான எதையும் வெளியே வைத்துவிட்டு, அதில் பதர் ஒட்டவில்லை என்று எழுத என்னால் முடியவில்லை.

பானட்டில் பதர் அம்மைத் தழும்பு மாதிரிப் பதிந்துவிட்டது. அர்த்தநாரி விரலால் தடவப் போனார்.

“தொடாதீங்ணா!” என்று சைனுதீன் கத்தினார். “மேலாகக் காஞ்ச மாதிரித் தெரியும், உள்ளுக்குள்ள பச்சையாத்தான் கெடக்கும். ரெண்டு வாரம் வெயில்ல உட்ருங்க. அதுவரைக்கும் ஒரு ஈயைக்கூட உக்கார உடாதீங்க.”

இரண்டு வாரம் கிடைக்கவில்லை. சீர்த் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், வரும் வெள்ளிக்கிழமையே வரவேண்டும் என்று எஸ்டேட் லாரிக்காரர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

5

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஒன்றை யோசித்தேன். இப்படிக் குறைந்த செலவில் பெயிண்ட் அடிப்பது காசுக்குத் தகுமா?

தகாது என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சுரண்டாமல் அடித்த பெயிண்ட் பழைய பெயிண்டின் மேல் உட்கார்ந்திருக்கும், பிடித்திருக்காது. ஒரு மழைக்காலம் தாண்டாது. பிறகு அதையும் சேர்த்துச் சுரண்ட இரட்டைக் கூலி.

ஆனால் அவர்கள் காரைப் பற்றிப் பேசுகிறார்கள். கமலாத்தாளுக்கு இந்தப் பெயிண்ட் ஒரு மழைக்காலம் தாண்ட வேண்டியதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் நின்றால் போதும். வாசலில் வண்டி நிற்கும், கதவு திறக்கும், அவள் இறங்குவாள். அதற்கு ஒரு கன்றுக்குட்டி அதிகமா?

அதிகமில்லை என்றே எழுதி வைத்திருந்தேன். பிறகு சீரை எதில் வைத்துக் கொண்டுபோவாள் என்ற யோசனை வந்தது. அதோடு என் வாதம் கெட்டது.

6

“ஏம்புள்ள, மேல வேண்டாம். பாய் சொன்னாருல்ல?” என்றார் அர்த்தநாரி.

“டிக்கிக்குள்ள வெச்சா ஆருக்குத் தெரியும்? வெறுங்கையோட வந்தாங்கன்னு சொல்லோணுமா? மேல கட்டுங்க.”

“கீழ நிக்கறவங்களுக்குப் பத்தடி, மேல இருக்கற மூட்டைக்கு எத்தன அடி?”

“வாயாடாமக் கட்டுங்க.”

ஒரு வாழைத்தார், ஒரு கடலை மூட்டை, சீர்த்தட்டுகள் கட்டிய பெட்டி. கேரியர் கிடையாது. தலையிலேயே சாக்கை விரித்து, மூட்டையை ஏற்றி, தேங்காய் நார்க் கயிற்றைத் திறந்த கதவுகள் வழியாக உள்ளே விட்டு இறுக்கிக் கட்டினார்கள். இந்தப் பக்கத்தில் சீர் என்றால் அது ஊர் பார்க்கப் போக வேண்டும். தலையில் ஏற்றாத சீர் சீரே இல்லை.

பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வரை ஒன்றுமில்லை. மலைப்பாதை தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் மூட்டை ஒருக்களித்தது. கயிறு ரம்பம் மாதிரி இழுபட்டது. சின்னாறு செக்போஸ்ட்டில் காவலர் வண்டியை நிறுத்தி, கூரை ஓரத்தைக் குனிந்து பார்த்தார்.

“டாக்ஸியாணோ? பெர்மிட் எவிடெ?”

“சொந்த வண்டிங்க சார்,” என்றார் அர்த்தநாரி.

“சொந்தம் வண்டிக்கு எந்தினா மஞ்ஞ?”

கயிறு அறுத்த கோட்டில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. பின்சீட்டிலிருந்து கமலாத்தாள் தலையை நீட்டினாள்.

“சீருக்குப் போறமுங்க சாமி. மஞ்சள் பூசாம எப்படிங்க சீர் கொண்டுபோறது?”

காவலர் அவளைப் பார்த்தார், வாழைத்தாரைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே தடுப்புக் கட்டையைத் தூக்கினார்.

மறையூர் தாண்டும்வரை அர்த்தநாரி சிரித்துக்கொண்டே ஓட்டினார். அவள் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு, அந்தக் கோட்டை முந்தானையால் மூடிப் பிடித்தபடியே வந்தாள். மேலே போகப் போகக் குளிர் ஏறியது. கை விறைத்தது. அவள் கையை எடுக்கவில்லை.

7

கந்தப்பனை நான் நம்பவில்லை. இவ்வளவு கெட்டவனை எழுதுவது சுலபம், அதனாலேயே சந்தேகம். அவனுக்கு ஒரு நல்ல குணம் கொடுத்துப் பார்த்தேன்: ஆபீஸில் யாரிடமும் லஞ்சம்—

நிற்கவில்லை. நல்ல ஹெட்கிளார்க்காகவே இருக்கட்டும். மேனேஜர் முன்னால் மனைவியின் சொந்தங்களை மறைக்கிற நல்ல ஹெட்கிளார்க்குகள் இருக்கிறார்கள்.

செல்லாத்தாள்தான் எனக்குப் பிடிபடவில்லை. வசதி வந்ததும் அக்காவை மறந்தவள் என்று நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன். கமலாத்தாளும் அப்படித்தான் நினைக்கிறாள். நேற்று எல்லாப் பிரதிகளையும் மறுபடி படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எல்லாவற்றிலும் அவள் கதவருகில்தான் நிற்கிறாள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் ஒரு தடவைகூட அவள் கால் படவில்லை. நான் இறக்கவில்லையா, அல்லது வேறு யாராவது இறங்கவிடவில்லையா? எழுதிய எனக்கே தெரியாமல் எப்படி இப்படி எழுதினேன்?

8

முடிவுக்காக மூன்று விதமாக முயன்றேன்.

ஒன்றில், பெயிண்ட் தாங்கிவிடுகிறது. கந்தப்பன் ஓடி வந்து கதவைத் திறக்கிறான். (படித்துவிட்டு நானே கொட்டாவி விட்டேன்.)

ஒன்றில், கமலாத்தாள் மூணாறிலேயே வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுகிறாள். வாழைத்தாரை வழியில் யாருக்கோ கொடுத்துவிட்டு— இல்லை. கை விறைக்க அவ்வளவு தூரம் முந்தானையைப் பிடித்து வந்தவள் திரும்ப மாட்டாள்.

இன்னொன்றில் எல்லாரும் அழுகிறார்கள். அதை உங்களுக்குக் காட்டப் போவதில்லை.

மிச்சம் இருப்பது நடந்ததை அப்படியே சொல்வது. நடக்கவே இல்லை என்றாலும்.

9

வண்டி குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றது. பந்தலில் இருந்த முகங்கள் எல்லாம் திரும்பின. பத்தடி என்ன, இருபதடி இருக்கும். அந்தத் தூரத்துக்கு வண்டி பளபளத்தது. கமலாத்தாள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். புடவையை நீவி நின்றாள். அவ்வளவுதான், அவள் கேட்டது கிடைத்துவிட்டது; இங்கேயே முடித்திருக்கலாம்.

அர்த்தநாரி கயிற்றை அவிழ்த்து, தட்டுப் பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, தாரையும் மூட்டையையும் இறக்கினார். அடியில் விரித்திருந்த சாக்கு வரவில்லை. இழுத்தார். வெந்த கிழங்கின் தோல் மாதிரிப் பெயிண்ட் முழுவதும் சாக்கோடு உரிந்து வந்தது. வண்டியின் தலையில், பந்தலுக்கே தெரிகிற மாதிரி, அகலமாக மஞ்சள்.

யாரோ சிரித்தார்கள். மேனேஜர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். கந்தப்பன் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பிறகு கமலாத்தாளைப் பார்த்துக் கைகூப்பினான்.

“வாங்க, வாங்க. டாக்சியா புடிச்சீங்க? சந்தோசம்.” உள்ளே திரும்பிச் சத்தமாகச் சொன்னான்: “டாக்சி டிரைவருக்கும் ஒரு எலை போடச் சொல்லுங்க. பின்னால.”

அர்த்தநாரி கையில் கயிற்றோடு நின்றார். சாக்கை மடிப்பதா கீழே போடுவதா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தார்.

கமலாத்தாள் அவனைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தாள். செல்லாத்தாள் அங்கேதான் நின்றிருந்தாள், பட்டுப்புடவையில், ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு. போன தடவை மாதிரியே. போன தடவை மாதிரியே வாய் திறக்கவில்லை. கமலாத்தாள் தட்டுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வண்டியில் ஏறிவிடலாம் என்று திரும்பினாள்.

(இந்த வரி வரைக்கும் பேனாவை நான்தான் பிடித்திருந்தேன்.)

செல்லாத்தாள் நிலையை விட்டாள். படியில் இறங்கினாள். “உள்ள போ,” என்று கந்தப்பன் பல்லுக்குள் சொன்னது கேட்டது. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பந்தலைத் தாண்டி, செருப்பில்லாத காலோடு, வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பதரைப் பார்த்தாள். உரிந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தொட்டாள். காயாத பெயிண்ட் விரலில் ஒட்டியது.

“நெசமாவே டாக்சியாக்கா?”

“இருந்துச்சு,” என்றாள் கமலாத்தாள். “இப்ப இல்ல. இப்ப நம்ம வண்டி.”

செல்லாத்தாள் திரும்பிப் பந்தலைப் பார்க்கவில்லை. விரலில் ஒட்டிய பெயிண்டையும் துடைக்கவில்லை.

“டாக்சின்னா ஆரு கை காட்டுனாலும் நிக்குமல்லக்கா?” என்றாள் குரலைத் தாழ்த்தி. “எங்க ரெண்டு பேத்தையும் ஏத்தீட்டுப் போயிர்றியா?”