இரண்டு விரல் இடுப்பு

2019 மார்ச் 12 அன்று புற்றுநோய் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், பெருங்குடல் புற்றுக்கு அறுவையும் மருந்தும் முடித்தவர்களை ஓர் ஆய்வுக்காக ஒரு கணினி குலுக்கல் முறையில் இரண்டு அணிகளாகப் பிரித்தது. முதல் அணிக்குப் பயிற்சியாளரோடு நடை. இரண்டாம் அணிக்கு உடற்பயிற்சியின் நன்மைகளைச் சொல்லும் சிறு புத்தகம்.

பேருந்து ஓட்டுநருக்கு நடை விழுந்தது. அவருடைய சகலை தையல்காரருக்குப் புத்தகம்.

அக்காவைக் கட்டியவர் தையல்காரர். தங்கையைக் கட்டியவர் ஓட்டுநர். நோய்கூட அடுத்தடுத்துத்தான் வந்தது. ஆனால் மாமனார் வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே கிடக்கும் நாற்காலி எப்போதும் ஓட்டுநருக்குத்தான். இப்போது கணினியும் அந்த நாற்காலியை அவருக்கே போட்டுவிட்டதாகத் தையல்காரருக்குத் தோன்றியது.

"நம்மளுது வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடம்" என்றார் மனைவியிடம்.

"அதுக்கென்ன, நீங்களும் நடங்களேன்."

"நாள் பூரா மெஷின் மிதிக்கிறேனே, அது போதாதா?"

"அப்ப மிதிச்சே ஊரச் சுத்திட்டு வாங்க."

நடை முடிந்ததும் ஓட்டுநர் வியர்வையோடு நேரே தையல் கடைக்குத்தான் வருவார்.

"ரத்தத்துல அழற்சி அளவு பாதியா இறங்கிடுச்சாம் சகலை. வெளிய தெரியாம உள்ளயே கனலுற நெருப்பு மாதிரியாம் அது. நடந்தா அடங்குது. அது அடங்கினா நோய் திரும்பறதும் குறையுமான்னு பாக்கறாங்க."

தையல்காரருக்கு வயிறு எரிந்தது. அறுத்துத் தைத்த இடத்தில் அல்ல.

ஒரு நாள் ஓட்டுநர் தன் சீருடை பேண்ட் இரண்டையும் கொண்டுவந்து போட்டார். "இடுப்பு தொளதொளன்னு இருக்கு, பிடிச்சுக் குடுங்க. தராசையெல்லாம் நான் நம்பறதில்ல. உங்க டேப் பொய் சொல்லாது."

தையல்காரர் சரியாகவே அளந்தார், சுண்ணக்கட்டியால் கோடும் போட்டார். ஓட்டுநர் போன பிறகு கோட்டுக்கு இரண்டு விரல் உள்ளே தள்ளித் தைத்தார்.

மறுவாரம் பொத்தான் துளையை எட்டவில்லை.

"போன வாரந்தானே அளந்தீங்க?"

"அளந்தேன். ஒரு வாரத்துல உடம்பு ஏறாதா என்ன?" தையல்காரர் தலை நிமிரவில்லை.

"அப்ப நடந்ததெல்லாம் வீணா?"

தையல்காரர் நூலைப் பல்லால் கடித்தார்.

ஓட்டுநர் நடப்பதை நிறுத்தினார். பயிற்சியாளர் வீடு தேடி வந்து, எடை வேறு, அழற்சி வேறு என்று சொல்லிப் பார்த்தார். காதில் ஏறவில்லை. சில மாதங்கள் கழித்து மச்சினிச்சி கடைக்கு வந்தாள்.

"அத்தான், அந்த அழற்சி அளவு மறுபடி ஏறிடுச்சு. சுவத்தப் பாத்துப் படுத்தே கிடக்காரு. நீங்க சொன்னா கேப்பாரு."

தையல்காரர் விரும்பியது நடந்திருந்தது. அவர் கொஞ்ச நேரம் கத்திரியைத் திறந்து திறந்து மூடினார். பிறகு அந்த பேண்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். தையலைப் பிரித்து, பழைய கோட்டின் மேல் தைத்து, தானே எடுத்துப் போனார்.

"போட்டுப் பாருங்க."

பொத்தான் ஏறியது.

"என்ன பண்ணீங்க?"

"ரெண்டு விரல் பிரிச்சு விட்டேன். அந்த ரெண்டு விரல் நான் கூடப் பிடிச்சதுதான்."

"கை தவறிடுச்சா?"

"இல்ல."

ஓட்டுநர் கட்டிலில் உட்கார்ந்தார். "ஒரு புத்தகத்துக்காகவா சகலை?"

"நாற்காலிக்காகவும்தான்."

ஓட்டுநர் அவரைப் போகச் சொன்னார்.

மறுநாள் ஓட்டுநர் மறுபடி நடக்கப் பயிற்சிப் பூங்காவுக்குப் போனபோது தையல்காரர் வாசலில் நின்றார். "புத்தக அணி எங்களோட சேரக்கூடாது. வெளிய நடக்கறத யாரும் தடுக்கல" என்றார் பயிற்சியாளர். தையல்காரர் வேலிக்கு வெளியே நடந்தார். அன்று மட்டுமல்ல, தினமும். எப்போதும் ஓட்டுநருக்கு ஓர் எட்டு முன்னால்.

"முன்னால போய் என்னத்தக் கண்டீங்க?" என்று கேட்டார் ஓட்டுநர், வேலிக்கு உள்ளிருந்து. வெகுநாள் கழித்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

தையல்காரர் வேகத்தைக் குறைக்கவில்லை.

2022 மார்ச் மாதப் பரிசோதனையில் ஓட்டுநருக்கு நோய் திரும்பவில்லை. தையல்காரருக்குக் கல்லீரலில் திரும்பியிருந்தது.