பாட்டில் மூடியில் இரண்டு மாத்திரைகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஹார்மோன் டாக்டரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நானாகக் கற்பனை செய்ததல்ல. எனக்கு எதிரே நடுவயதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறியைக் குறைக்கச் சொல்லலாமா என்று மனைவி கேட்டார். அறையில் மற்ற எல்லோருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது. கணவரின் மடியில் ஒரு தடித்த ஃபைல். நான் அவர்களைக் கவனித்தேன், கதை வந்தது.

(இந்தப் பத்தியில் ஒரு பொய் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.)

தொடக்கத்தை மட்டும் இரண்டு முறை எழுதி அடித்தாகிவிட்டது.

"கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி போல அமர்ந்திருக்கும் அந்தச் சின்னச் சுரப்பி..." வேண்டாம். மருத்துவமனைச் சுவரொட்டி வாடை அடிக்கிறது.

"அவருடைய குரல் ஒருநாள் திடீரென்று..." அதுவும் வேண்டாம். திடீரென்று எதுவும் நடக்கவில்லை. தைராய்டு குறைவதில் உள்ள வில்லங்கமே அதுதான். அது நோய் மாதிரியே வராது. கொஞ்சம் சோம்பல், கொஞ்சம் குளிர், சீப்பில் கூடுதலாக நாலு முடி என்று, வயதாவதைப் போல வேஷம் கட்டிக்கொண்டு வரும்.

நேராக விஷயத்துக்கே வருகிறேன்.

2

அந்த மனைவி ஒரு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். பதினேழு வருடங்களாகக் கண்ணாடி அறைக்குள் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி, எந்த நடைமேடை, எத்தனை நிமிடத் தாமதம் என்று சொல்லிக்கொண்டிருப்பவர். வீட்டிலும் அதே பழக்கம். "சீக்கிரம் வரேன்" என்று சொல்ல மாட்டார். "ஆறு பதினேழுக்கு வரேன்" என்பார். வரவும் செய்வார்.

இரண்டு வருடமாக அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்துப்போனது. வார்த்தைகள் நகரவே யோசித்தன. தூங்கி எழுந்து பேசுவது போல இருக்கிறது என்று பயணிகள் புகார் எழுதிப் போட்டார்கள். நிலைய மேலாளர் நல்ல மனிதர், அதனால் சுற்றி வளைத்துச் சொன்னார். மூன்று மாதத்தில் குரல் சரியாகாவிட்டால் பதிவு செய்த குரலை வைத்துவிடுவார்கள். அறிவிப்பாளருக்குப் பயணிகளின் பைகளை வாங்கி வைக்கும் அறையில் வேலை. அன்று வீட்டுக்கு வந்தவர் அழவில்லை. "அங்க பேசவே வேண்டியதில்ல" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டு நான்... இல்லை, கணவர், அவர் தோளிலிருந்த பையை வாங்கி வைத்தார்.

அதற்கு முன்பே எட்டு மாதமாக மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. குடும்ப டாக்டர்தான் தைராய்டு குறைவு என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுத்திருந்தார். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை வேறு. மறுபரிசோதனையில் முன்னேற்றமே இல்லை. அளவைக் கூட்டினார். இல்லை. மறுபடி கூட்டினார். கிணற்றில் போட்ட கல்தான். கடைசியில் கையை விரித்துவிட்டு, நிபுணரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

3

கணவர் பாத்திரம்தான் எனக்கு இடிக்கிறது.

முதல் படியில் அவரைக் கல்லூரி ஆசிரியராக்கினேன். திறந்த வாயை மூடவில்லை. அடுத்த படியில் மனைவியைக் கண்டுகொள்ளாதவர் ஆக்கினேன். கதை சுலபமாக ஓடியது, ஆனால் அநியாயம். மூன்றாவதில்தான் ஆள் பிடிபட்டார். மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு. ஒரு மேசைக்கு வேண்டிய ஆணி, திருகு, கீல் எல்லாவற்றையும் எண்ணி ஒரே பையில் போட்டு ஒட்டுவது அவர் வேலை. தனித்தனியாகப் போட்டால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும், ஒன்றாகப் போட்டால் போகாது. இருபது வருடத்தில் ஒரு திருகு குறைந்ததாகப் புகார் வந்ததில்லை.

வீட்டிலும் மாத்திரைப் பொறுப்பை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். தினமும் காலையில் ஒரு பாட்டில் மூடியில் வெள்ளை மாத்திரை ஒன்று, சிவப்பு மாத்திரை ஒன்று, கூடவே சூடாகப் பால் காப்பி. ஒருநாள்கூடத் தவறவில்லை.

(மருத்துவம் தெரிந்த வாசகர்கள் இந்த இடத்தில் தலையில் கை வைத்திருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள்.)

4

நிபுணர் ஒரு பெண்மணி. மனைவியை மட்டும் உள்ளே கூப்பிட்டார், கணவர் வெளியே காத்திருந்தார். பரிசோதனைத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். அளவைக் கூட்டவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்கிறீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றார்.

யாரிடம் கேட்கிறார் பாருங்கள். அறிவிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அஞ்சு நாப்பதுக்கு எழுந்திருப்பேன். அஞ்சு அம்பதுக்குப் பல் தேய்ச்சு முடிச்சிடுவேன். ஆறு மணிக்கு அவர் மூடியில மாத்திரை கொண்டு வருவார்."

"எத்தனை மாத்திரை?"

"ரெண்டு. தைராய்டு, இரும்பு. காப்பியும் கையோட வந்துடும்."

"எல்லாத்தையும் ஒண்ணாவா?"

"ஒண்ணாத்தான். அவர் ஒரு நாள்கூட மறந்ததில்ல டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போக வேண்டியது, இரும்பு கூட வந்தால் அதை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும், காப்பியும் தன் பங்குக்குக் கெடுக்கும் என்று விளக்கினார். நோய் முரண்டு பிடிக்கவில்லை. மருந்து போய்ச் சேரவே இல்லை.

அறிவிப்பாளர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இத அவர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார்.

சொல்லவில்லை. வெளியே வந்து, "நேரத்த மாத்தியிருக்காங்க, அவ்வளவுதான்" என்றார். மறுநாளிலிருந்து எழுந்ததும் வெள்ளை மாத்திரையைத் தானே போட்டுக்கொண்டார். சிவப்பு மாத்திரை மதியம் நிலையத்தில். காப்பி ஏழு மணிக்கு. மூடி காலியானது. கணவரின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து, வாரம் ஒருமுறை போடச் சொல்லியிருந்த வைட்டமின் மாத்திரை அட்டையை அவர் கையில் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை மாத்திரை எனக்கு ஞாபகம் இருக்காது. நீங்கதான் பாத்துக்கணும்."

மொத்தக் கால அட்டவணையையும் மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு ஞாபகம் இருக்காதாம்.

5

அந்தப் பொய்க்கு வருகிறேன். நான் எதிரே உட்கார்ந்து யாரையும் கவனிக்கவில்லை. ஃபைல் என் மடியில்தான் இருந்தது. பேக்கிங் பிரிவு நான்தான். இந்தக் கதையையே பழைய பேக்கிங் சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் அறையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அடுத்த பரிசோதனைக்காக ஃபைலைப் பிரித்தபோது, அடியில் ஒரு மருந்துச் சீட்டு நாலாக மடித்துச் செருகியிருந்தது. பின்பக்கத்தில் டாக்டர் கைப்பட எழுதியிருந்தார். மாத்திரைகளையும் காப்பியையும் சேர்த்து எடுத்ததால் மருந்து வேலை செய்யவில்லை. காப்பிக்கு ஒரு மணி நேரம், இரும்புக்கு நான்கு மணி நேரம் இடைவெளி விடவும். மேலே உள்ள காட்சியை அந்த இரண்டு வரியை வைத்துத்தான் கட்டினேன்.

நின்றபடி ஒருமுறை படித்தேன். உட்கார்ந்து ஒருமுறை படித்தேன். எட்டு மாதத்துக்கு மேல், தினமும் காலையில், என் கையாலேயே அவளுடைய...

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை. அப்படியே கிடக்கட்டும்.

6

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு நிலையத்துக்குப் போனேன். அவளிடம் சொல்லவில்லை. இரண்டாம் நடைமேடையில் நின்றேன். ஒலிபெருக்கி முதலில் கரகரத்தது. அந்தக் கரகரப்பு ஒலிபெருக்கியுடையது. பிறகு அவள் குரல், தெளிவாக, பழைய வேகத்தில் வந்தது. வண்டி இருபது நிமிடம் தாமதமாக வரும், தாமதத்துக்கு வருந்துகிறோம்.

பக்கத்தில் நின்றவர் வண்டியைத் திட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தான் செய்யாத தாமதத்துக்கெல்லாம் நாள் முழுக்க வருத்தம் தெரிவிப்பவள் அவள். அவள் குரலை எட்டு மாதம் தாமதப்படுத்திய நான் ஒருதடவைகூடத் தெரிவிக்கவில்லை.

ஆக, முடிவு. (அ) நேரில் மன்னிப்புக் கேட்பது. எழுதிப் பார்த்தேன். அவள் எனக்காகப் பொத்திப் பொத்தி வைத்ததைப் பிடுங்கியது போல ஆகிவிடுகிறது. (ஆ) ஒன்றும் தெரியாதவன் போல ஞாயிறுதோறும் மூடியை நீட்டுவது. சௌகரியம்தான், அதனாலேயே பிடிக்கவில்லை. (இ)

(இ)-க்கு எதிரே ஒன்றும் எழுத வரவில்லை. இதுவரை எழுதிய தாள்களை அப்படியே ஞாயிற்றுக்கிழமை காலை மாத்திரை மூடிக்கு அடியில் வைத்துவிட்டு, கடைக்குப் போவதாகச் சொல்லித் தெருவை மூன்று சுற்று சுற்றினேன்.

திரும்பி வந்தபோது மூடி காலியாக இருந்தது. தாள்கள் விளிம்பு பிசகாமல் அடுக்கியிருந்தன. அவள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். நான்காம் பகுதியில் மட்டும் பென்சிலால் ஓர் இடத்தை அடித்து, ஓரத்தில் திருத்தியிருந்தாள். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா, வெறும் பிழைதிருத்தமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

"ஆறு மணி தவறு. சரியான நேரம் ஐந்து ஐம்பத்தெட்டு. நீங்கள் ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை."