நாலு மணி நேரம்

"மய்யித்துக்குக் கர்ப்பூரம் வச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே நியாஸ் மாமா உள்ளே வந்தார். ஹஸ்னா பானு வாசலை எட்டிப் பார்த்தாள். குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, வாப்பாவின் முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். துபாயிலிருந்து வரும் தம்பி ஆஷிக் அலி இன்னும் மலையைத் தாண்டவில்லை.

எல்லாம் இவள் வாயால் வந்த வினை. விடியலில் வாப்பா மூச்சு அடங்கியதும் தம்பி போனில் அழுதான். முகத்தைப் போனில் காட்டட்டுமா என்று கேட்டாள். "வேண்டாம் லாத்தா, நான் நேர்லயே பாக்கேன்" என்றான். பிடிவாதத்தில் வாப்பாவேதான். விமானம் ஏறிவிட்டதாகத் தகவல் வந்ததும், எப்போது வந்து சேருவான் என்று பள்ளிவாசல் ஜமாஅத்தார் கேட்டார்கள். இவள் போனில் தட்டிப் பார்த்தாள். துபாயிலிருந்து திருவனந்தபுரம் நாலு மணி நேரம் என்று கொட்டை எழுத்தில் வந்தது. அதை அப்படியே ஒப்பித்தாள்.

மதியம் லுஹருக்கு வந்துவிடுவான் என்று நம்பி மய்யித்தைக் குளிப்பாட்டினார்கள். லுஹர் தொழுகை முடிந்த பிறகுதான் அவன் விமானத்தை விட்டே இறங்கினான். அங்கிருந்து சங்கரன்கோவிலுக்கு இன்னொரு நாலு மணி நேரம் இருக்கிறது என்பது இந்தப் பாவிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் வேன் பிடித்துப் போய் அவனைக் கூட்டி வந்தது வாப்பாதான். விமானம் இறங்கிவிட்டது என்று கேட்டதுமே இவள் அடுப்படிக்குள் புகுந்தால், வேன் சத்தம் கேட்டுத்தான் வெளியே வருவாள். நடுவில் கிடக்கும் ரோடு வாப்பாவின் பாடு.

"மாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?"

"சாயந்தர அஸரும் தொழுதாச்சு மக்கா. பள்ளி ஹஜ்ரத் ஒரு தடவை தள்ளி வச்சுட்டாரு. கஃபன் இட்ட மய்யித்த எவ்வளவு நேரம் போட்டு வைக்க? மழை வேற இருட்டிட்டு வருது."

"புளியரை மலை ரோட்டுல லாரி மறிச்சு நிக்காம்."

மாமாவின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. குனிந்து, வாப்பாவின் முகத்தின்மேல் துணியை இழுத்து, தலைமாட்டில் முடிச்சுப் போட்டார். ஹஸ்னா கையை நீட்டினாள், பிறகு மடக்கிக்கொண்டாள். மையவாடியில் அடக்கம் செய்ய, நாலு பேர் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

தெருமுனை திரும்பி ஆண்கள் மறைந்த சற்று நேரத்தில் போன் அடித்தது.

"லாத்தா, செங்கோட்டை தாண்டியாச்சு. வேகமாத்தான் வாரோம். நேரா வீட்டுக்குத்தான வரணும்?"

அவள் முற்றத்தைப் பார்த்தாள். குளிப்பாட்டிய பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"மையவாடிக்கு வந்துரு மக்கா."

அவன் போனை வைக்கவில்லை. காரின் வைப்பர் கண்ணாடியில் போய்ப் போய் வரும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.