ரோஸ்ஹில்லுக்கு வந்த மாடு

மலேசியாவின் ஈப்போ நகரில் நாலு காசு சேர்ந்தவனுக்கு அடுத்த ஆசை ரோஸ்ஹில்லில் ஒரு வீடு. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த மேடு வெறும் ரப்பர் பால்மரக் காடு. வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறினார். மரங்கள் சாய்ந்தன, வளைந்து வளைந்து தார்ச்சாலை வந்தது. பின்னாலேயே ஈயச் சுரங்கம் வைத்த சீன முதலாளிகளான தவுக்கேக்களும் டாக்டர்களும் பென்ஷன் வாங்கும் பெரிய அதிகாரிகளும் வந்து குடியேறினார்கள். மலைக்காற்று, வெட்டிவிட்ட புல், ஆர்க்கிட் தொட்டிகள்! அங்கே நாய்கூட அக்கம்பக்கம் பார்த்துத்தான் குரைக்கும்.

அதே மேட்டில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த கருப்பம்மாள் இப்போது பங்களாக்காரி. புருஷன் உடையப்பன் ஒரு பழைய லோரியில் ரோஸ்ஹில் வீடுகளுக்கு மணல் ஏற்ற ஆரம்பித்து, கடைசியில் தனக்கே ஒரு வீட்டுக்கு ஏற்றிவிட்டான். சாவி கைக்கு வந்த அன்று அவள் வீட்டிலுள்ள குழாய்களையெல்லாம் திறந்து திறந்து மூடிச் சிரித்தாள்.

ஆனால் ஒரு கவலை அரித்தது. கிரகப்பிரவேசத்துக்குக் குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய் அழைத்திருந்தாள். எல்லாரும் அழகாகச் சிரித்தார்கள், கேட்டைத் திறக்காமலே. எதிர்வீட்டு விமலாதேவி, ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குலசிங்கத்தின் மனைவி, வெற்றிலைபாக்கைக் கம்பி வழியாக வாங்கிக்கொண்டு, "பாப்பம்" என்றதோடு சரி.

"தோட்டத்துச் சனம் ஒரு லோரி நெறைய வருது. போதாதா லா?" என்றான் உடையப்பன்.

"அவங்க வருவாங்கன்னு தெரியும். இந்தத் தெருவுல ஒருத்தராச்சும் நம்ம வாசப்படி மிதிக்கணுங்க. இல்லாட்டி இது நம்ம வீடு மாதிரியே இருக்காது" என்றாள்.

விடிந்ததும் பக்கத்து ஊர் செமோரிலிருந்து மாட்டுக்காரன் சன்னாசி லோரியில் பசுவோடு வந்து இறங்கினான். புது வீட்டுக்குள் முதலில் பசு போக வேண்டும், பிறகுதான் பால் காய்ச்ச வேண்டும். பலகை வழியாக இறங்கிய பசு, மஞ்சள் பூசிய கொம்பைத் தூக்கி ரோஸ்ஹில் புல்லை ஒரு பார்வை பார்த்தது. அவ்வளவுதான். சன்னாசியின் கையில் வெறும் கயிறு!

முதலில் பக்கத்து வீட்டுத் தவுக்கே வளர்த்த ஆர்க்கிட் போயிற்று. பனியனோடு தவுக்கே விளக்குமாறும் கையுமாக ஓடி வந்தார். அடுத்த வீட்டு டாக்டர் முகத்தில் பாதிச் சவர நுரை. கார் எடுக்கத் திறந்திருந்த கேட் வழியாகப் பசு நேரே குலசிங்கத்தின் ஹாலுக்குள் போய், பளிங்குத் தரையில் சாணமும் போட்டுவிட்டது.

"இஞ்சேருங்கோ, மாடு எங்கட சோபாவைத் தின்னுது!" என்று விமலாதேவி கணவரைக் கூப்பிட்டு அலறினார்.

கருப்பம்மாள் பட்டுச்சேலையை இழுத்துச் செருகினாள். பூஜைத் தட்டிலிருந்த வாழைச் சீப்பைப் பிடுங்கிக்கொண்டு, "பா... பா... வாடி எங்கம்மா!" என்று கூவியபடி பின்னோக்கி நடந்தாள். பசு வாழைப்பழத்தின் பின்னால் வந்தது. பசுவின் பின்னால் விளக்குமாறோடு தவுக்கே, நுரையோடு டாக்டர், பேப்பரைச் சுருட்டிப் பிடித்த குலசிங்கம், தலை வாராத விமலாதேவி, தெருவே வந்தது. யாரும் வாசற்படியைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் எல்லாரும் மாக்கோலத்தின் மேல், அவளுடைய ஹாலுக்குள்!

பசு உள்ளே வந்ததைப் பார்த்ததும், பூஜைக்குக் காத்திருந்த குருக்கள் அவசரமாக அடுப்பை மூட்டச் சொன்னார். சற்று நேரத்தில் பால் பொங்கி வழிந்தது. தோட்டத்துப் பெண்கள் குலவையிட்டார்கள். தவுக்கே ஒன்றும் புரியாமல் கைதட்டினார்.

விமலாதேவி தன் கோலத்தை அப்போதுதான் பார்த்துக்கொண்டார். "ஐயோ, நான் முகம்கூடக் கழுவேல்லை."

"பரவால்லைங்க. உக்காருங்க, பால் சாப்பிடுங்க."

உட்கார்ந்தார். குலசிங்கம் இரண்டாவது தம்ளருக்கும் கை நீட்டினார்.

சன்னாசி தலையைச் சொறிந்தான். "மன்னிச்சிருங்கக்கா. வீடு வீடா மானத்தை வாங்கிருச்சு."

கருப்பம்மாளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. "அதை ஒண்ணும் சொல்லாத தம்பி. நான் குங்குமம் வச்சு அழைச்சு வராத ஆளுங்களை அது ஒரே ஓட்டத்துல கூட்டிட்டு வந்துருச்சு" என்றவள், மிச்சமிருந்த சீப்பையும் பசுவுக்கே ஊட்டினாள்.